கடம்பன்துறைக்கு விழுந்த முடிச்சு

கடம்பன்துறை தொகுதியில் மூன்றாவது தடவையாக எண்ணி முடித்தபோதும் நங்கூரம் சின்னத்துக்கும் தேனீ சின்னத்துக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் ஓட்டு விழுந்திருந்தது, நாலு லட்சத்துச் சொச்சம் இந்தப் பக்கம், அதே நாலு லட்சத்துச் சொச்சம் அந்தப் பக்கம், ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அதைக் கலெக்டர் ஒலிபெருக்கியில் அறிவித்து முடித்த சாயங்கால வேளையில்தான், கல்லூரி மைதானத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த இரண்டு வேட்பாளர்களின் நிழல்களும் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்துபோயின.

மரியபுஷ்பம்தான் அதை முதலில் உணர்ந்தாள். நங்கூரம் சின்னத்தில் நின்றவள் அவள். மணற்குடிக் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு வெகுகாலமாகத் தலைவி, ஐம்பது தாண்டியும் கூடையைத் தலையில் ஏற்ற அடுத்தவர் கை கேட்காதவள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நின்றதால் ஒரு டீ குடிக்கலாமென்று கேட்டைப் பார்த்து நடந்தவளை, முந்தானையைப் பிடித்து யாரோ இழுத்தது போலிருந்தது. திரும்பினால் யாருமில்லை. தேனீ சின்னத்தில் நின்ற வக்கீல் கோமளவல்லியம்மா மட்டும், தள்ளாடிப் போய் ஒரு போலீஸ்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது, இழுக்கிறீங்க?" என்றாள் கோமளவல்லி.

"நான் எங்க இழுத்தேன்? நீங்கதான் இழுக்கிறிய" என்றாள் மரியபுஷ்பம்.

அப்புறம்தான் இருவரும் கீழே பார்த்தார்கள். மேற்குச் சூரியனில் பனைமரம் போல நீண்டு கிடந்த இரண்டு நிழல்களின் தலைகளும் ஒன்றாகப் பின்னி முடிச்சிட்டிருந்தன. மரியபுஷ்பத்தின் புருஷன் தஸ்நேவிஸ், விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், குத்தவைத்து உட்கார்ந்து நெடுநேரம் அந்த முடிச்சைப் பார்த்தார். "இது வலைக்காரன் போடுற முடிச்சு இல்ல. மாட்டுக்காரன் போடுற முடிச்சும் இல்ல. யாரு போட்டதுன்னு தெரியாம அவுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். யாரும் அதற்குமேல் காரணம் தேடவில்லை. அன்றைக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எல்லோருக்கும் இருந்தது.

விஷயம் இதுதான். நாடு முழுக்க ஐந்நூற்று நாற்பத்து மூன்று இடங்களில் நங்கூரம் கூட்டணிக்கு இருநூற்று எழுபத்தொன்று, தேனீக் கூட்டணிக்கு இருநூற்று எழுபத்தொன்று. மிச்சமிருந்தது கடம்பன்துறை ஒன்றுதான். இங்கே யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம் அரசு. சமமாக விழுந்தால் குலுக்கல் என்பது சட்டம். ஆனால் நாட்டையே குலுக்குச் சீட்டில் கொடுப்பதா என்று இரண்டு கூட்டணியும் பயந்துபோய்க் கோர்ட்டுக்கு ஓடின, கோர்ட் விசாரிக்கிறோம் என்றது, பழைய பிரதமர் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அதே வீட்டில் மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு எந்த உத்தரவும் போடாமல் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்.

அப்படியாக மரியபுஷ்பமும் கோமளவல்லியும் ஒரே வீட்டில் இருக்க வேண்டி வந்தது. நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் கயிறு. காலையிலும் மாலையிலும் ஒருத்தி வாசலிலும் மற்றவள் தெருமுனையிலும் இருக்கலாம். வெயில் ஏற ஏறக் கயிறு சுருங்கும். உச்சிப் பொழுதில் இருவரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டுதான் நிற்க முடியும், ஒருத்தி தும்மினால் மற்றவளுக்குத் தோடு ஆடும். இருட்டிவிட்டால் கயிறில்லை. அந்தத் தைரியத்தில் ஒருமுறை இருவரும் பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். விடிந்து வெயில் பட்டதும் கால்கள் தாமாக நடக்கத் தொடங்கின. மேற்கே டவுனிலிருந்து கோமளவல்லியும் கிழக்கே கடலோரத்திலிருந்து மரியபுஷ்பமும், தலைகூட வாராமல், உப்பளத்து ஓரமாக வந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு வாரத்தில் பாதி அந்த வீடு, பாதி இந்த வீடு என்று பேசி முடித்தார்கள்.

கோமளவல்லி சைவம். முட்டைகூடத் தொடாதவள். மணற்குடி வீட்டில் நெத்திலி வறுக்கும்போது அவள் மூக்கில் கர்ப்பூரத் துணியை வைத்துக்கொண்டு பின்கட்டில் நிற்பாள். வெயில் ஏறினால் அதுவும் முடியாது, அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்தாக வேண்டும். டவுன் வீட்டில் மரியபுஷ்பத்துக்கு வேறு கஷ்டம். மத்தியானம் சாப்பிட்டதும் கோமளவல்லி படுத்துத் தூங்குவாள். உச்சி வெயில் அடிக்கிற முற்றத்துப் பக்கம் கட்டில், ஆகையால் பிறந்ததிலிருந்து பகலில் கண்ணை மூடியறியாத மரியபுஷ்பமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு உத்தரத்தை எண்ண வேண்டியிருந்தது.

"கட்டிலைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துலருந்து இது இங்கதான் கிடக்கு" என்றாள் கோமளவல்லி, கண்ணைத் திறக்காமல்.

மரியபுஷ்பம் அப்புறம் கேட்கவில்லை.

ஊர் இந்த விஷயத்தை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. பஸ்ஸில் இருவருக்கும் சேர்த்து ஒரு சீட்டை ஒதுக்கினார்கள். கல்யாண வீடுகளிலிருந்து பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஒரே தாம்பாளத்தில் இரண்டு பத்திரிகை வைத்து நீட்டினார்கள். கோயிலில் மரியபுஷ்பத்துக்கும் சேர்த்து அர்ச்சகர் விபூதி கொடுத்தார், அவள் அதை மரியாதையாக வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். மாதா கோயிலில் பூசை நடக்கும்போது கோமளவல்லி கடைசிப் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள், பங்குத்தந்தை பிரசங்கத்தைச் சற்றுச் சுருக்கிக்கொண்டார். எம்.பி. என்று யாருமில்லாத ஊரில் மனு எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாம், எப்படியும் இருவரில் ஒருவர்தானே என்று, இருவர் முன்னாலும் வந்து நின்றார்கள். ஆற்றுப்பாசனக்காரர்கள் மடை அடைத்துப்போனதைச் சொன்னால் மரியபுஷ்பத்துக்குக் காதில் விழாமல் இருக்காது. கருவாட்டுக்காரிகள் சந்தையில் கூரை இல்லை என்று அழுதால் கோமளவல்லிக்கும் கேட்காமல் போகாது. அதிகாரிகளுக்குத்தான் சங்கடம். முன்பெல்லாம் மற்றக் கட்சிக்காரன் தடுக்கிறான் என்று சொல்லி ஒருத்தியை அனுப்பிவிடுவார்கள். இப்போது மற்றக் கட்சியும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. கட்சிக்காரர்கள் அடிதடியையும் விட்டுவிட்டார்கள். கல் எறிந்தால் எந்தத் தலைவி மண்டையில் விழும் என்று சொல்ல முடியவில்லை.

ஐப்பசி பிறந்து கடல் சீறத் தொடங்கிய ஒரு மத்தியானம், மணற்குடியில் கடலோர வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தெற்கே புதுத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் நீளமாகச் சுவர் கட்டியதிலிருந்து அலை இந்தப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வருஷமும் ஒரு வரிசை வீட்டைத் தின்றுகொண்டு வந்தது. அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் தூண்டில் வளைவு ஒன்று போட்டுக் கொடுங்கள் என்பதுதான் அந்த ஊரின் ஒரே கோரிக்கை. மரியபுஷ்பம் எலெக்‌ஷனில் நின்றதும் அதற்காகத்தான். அன்றைக்கு அவளுடைய நாத்தனார் வீட்டுப் பின்சுவர் முதலில் போயிற்று. மரியபுஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். மேகத்துக்கு நடுவே சுள்ளென்று வெயில் வேறு அடித்தது. கோமளவல்லியும் பின்னாலேயே, பட்டுக் கரைச் சேலையோடு, மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குள் இழுபட்டுப் போனாள்.

"வக்கீலம்மா, சும்மா நிக்காதிய! அந்தப் பெட்டியத் தூக்குங்க!"

கோமளவல்லி தூக்கினாள். பெட்டி, தையல் மெஷின், அரிசிப் பானை, சுவரில் மாட்டியிருந்த மாதா படம், கடைசியில் கட்டிலோடு கிடந்த ஒரு கிழவர் என்று, உச்சிப் பொழுதில் தோளோடு தோள் ஒட்டிய இரண்டு பெண்களும் நான்கு கையுள்ள ஒரே ஆள் போல அந்த வரிசையையே காலி செய்தார்கள். மூன்று வீடுகள் கண்ணெதிரே உட்கார்ந்து போயின. எல்லாம் முடிந்து மணல்மேட்டில் மூச்சிரைக்க உட்கார்ந்தபோது, யாரோ கொண்டுவந்து கொடுத்த கறுப்புக் காப்பியைக் கோமளவல்லி, அது எந்த வீட்டுப் பாத்திரம் என்று பார்க்காமல் குடித்தாள்.

"இது வருஷா வருஷமா நடக்கு?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றாள் மரியபுஷ்பம். வக்கீலம்மா அன்றைக்குத்தான் அக்கா ஆனாள்.

கார்த்திகை முடிவில் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சட்டம் சட்டம்தான், குலுக்குங்கள். அதே கல்லூரி மைதானத்தில் கலெக்டர் ஒரு பித்தளைச் செம்புக்குள் இரண்டு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். கோமளவல்லி. தேனீக் கட்சிக்காரர்கள் வெடி வெடித்தார்கள். மரியபுஷ்பம் அழுதுவிடக் கூடாதென்று கடலிருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் மொத்தமும் குனிந்து தரையைப் பார்த்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

அன்று மாலையே நங்கூரம் கூட்டணியின் டெல்லிப் பிரதிநிதி ரங்கபாஷ்யம் மணற்குடிக்கு வந்தார். மெல்லப் பேசுகிற, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர். கோமளவல்லி தெருமுனையில் இருந்த நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க தோக்கலம்மா. அந்தம்மா டெல்லிக்குப் போய் ஓட்டுப் போட்டாத்தான் அவங்களுக்கு மெஜாரிட்டி. நீங்க போகாம அந்தம்மா எப்படிப் போவாங்க? நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வீட்டுல சும்மா உட்காருங்க. நம்பிக்கை ஓட்டு அன்னைக்கு அரசு கவிழ்ந்துடும்."

"கவிழ்ந்தா?"

"அப்புறம் நாமதான்."

"எங்களுக்குத் தூண்டில் வளைவு?"

"எல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று கண்ணாடியை மறுபடி துடைத்தார் ரங்கபாஷ்யம்.

மரியபுஷ்பம் உட்கார்ந்தாள். மறுநாள் காலையிலிருந்து வீட்டு வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, வலை நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் போலீஸ், டிவிக்காரர்கள், இரண்டு கட்சிக் கொடிகள். அவளைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று தேனீக் கட்சி இளைஞர்கள் யோசித்தபோது மணற்குடிப் பெண்கள் மீன் அரிவாள்மணைகளோடு வந்து தெருவை அடைத்து உட்கார்ந்தார்கள். டெல்லியில் பிரதமராகப் பதவியேற்றிருந்த தேனீக் கூட்டணித் தலைவர் நிமிஷத்துக்கொரு தடவை கோமளவல்லிக்குப் போன் செய்தார். கோமளவல்லி ஒருகட்டத்தில் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, வாசற்படியில் மரியபுஷ்பத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எப்படியும் வந்துதான் ஆக வேண்டும்.

"என்ன வேணும், சொல்லுளா" என்றாள்.

"ஒங்களுக்கே தெரியும்."

"வளைவு போட்டுத் தாரேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்த அரசு பொங்கலைத் தாண்டுமான்னே எனக்குத் தெரியாது. தாண்டாத அரசு பேர்ல என்ன சத்தியம்?"

மரியபுஷ்பம் நூல் சுற்றுவதை நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் தரமாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை.

"சத்தியம் வேண்டாம். சபையில எந்திரிச்சு, ஓட்டுக்கு முந்தி, மணற்குடியில கண்ணால பார்த்ததச் சொல்லணும். துறைமுகத்துச் சுவரால இப்பிடி ஆச்சுன்னும் சொல்லணும்."

கோமளவல்லி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்தத் துறைமுகத்தைக் கட்டியவர்கள் தேனீக் கூட்டணியின் பங்காளிக் கட்சி ஒன்றுக்கு வேண்டியவர்கள். அந்தக் கட்சியிடம் ஏழு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தைச் சுளித்தால் போதும்.

"நான் வாயைத் திறந்தா எங்க அரசை நானே கவுத்த மாதிரி ஆயிரும்."

"வாயத் திறக்கலைன்னா நான் இங்கனயே உட்கார்ந்து கவுத்திருவேன். எப்பிடிக் கவுந்தா நல்லதுன்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

கோமளவல்லி சிரித்துவிட்டாள். ஐம்பது வருஷ வக்கீல் குடும்பம், இப்படி ஒரு வாதத்தை யாரும் வைத்துக் கேட்டதில்லை என்றாள். பிறகு, "சரி, பேசுதேன். கிளம்பு. ஸ்வெட்டர் இருக்கா?" என்றாள்.

ரயிலில் போனார்கள். தஸ்நேவிஸ் ஸ்டேஷன்வரை வந்து, பொட்டலம் கட்டிய சோற்றை மனைவியிடம் கொடுத்து, கோமளவல்லியிடம் தனியாக, "இது தயிர்ச்சோறு, பயப்படாமச் சாப்பிடுங்க" என்று இன்னொன்றைக் கொடுத்தார். ரங்கபாஷ்யம் பிளாட்பாரத்தில் நின்று மரியபுஷ்பத்தையே பார்த்தார். அவள், "வாரேன் சார்" என்று கும்பிட்டாள். அவர் திருப்பிக் கும்பிடவில்லை.

டெல்லியில் பனிமூட்டம். வண்டிக்காரன் தன் கையையே தேடிக்கொண்டு ஓட்டினான். மூன்று நாளாகச் சூரியன் என்ற ஒன்று இருப்பதாகவே அந்த ஊர் மறந்திருந்தது. ஆகாயம் முழுக்க ஒரே சாம்பல் வெளிச்சம், எந்தப் பொருளுக்கும் கீழே எந்த நிழலும் இல்லை. நம்பிக்கை ஓட்டு நாள் காலையில் விடுதி வாசலில் இறங்கியதும் மரியபுஷ்பம் தெரியாத்தனமாகப் பத்து எட்டு முன்னால் போய்விட்டாள். எதுவும் இழுக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். கோமளவல்லியும் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது: இன்றைக்குக் கோமளவல்லிக்கு மரியபுஷ்பம் தேவையில்லை.

அழைத்துப்போக வந்திருந்த கட்சிக்காரர்களுக்கும் அது புரிந்துவிட்டது. ஒருவர் கார்க் கதவைத் திறந்து, கோமளவல்லி காதில் ஏதோ சொன்னார். மரியபுஷ்பத்துக்குக் கேட்காவிட்டாலும் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் நடைபாதையிலேயே நின்றாள். கெஞ்சக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள்.

"அங்க என்ன நிக்க?" என்றாள் கோமளவல்லி. "மேல பார்வையாளர் மாடத்துல உனக்குச் சீட்டு வாங்கியிருக்கேன். ஏறு."

மாடத்தில் முன்வரிசை. கீழே அத்தனை தலைகள். பலர் பேசினார்கள், ஒன்றும் மரியபுஷ்பத்துக்குப் புரியவில்லை. பின்பு ஒரு மூலையில் கோமளவல்லி எழுந்தாள். தமிழிலேயே பேசினாள். இடுப்பளவுத் தண்ணீரில் தான் தூக்கிய தையல் மெஷினைப் பற்றிச் சொன்னாள், கட்டிலோடு தூக்கிய கிழவரைச் சொன்னாள், தூக்க முடியாமல் போன மூன்று வீடுகளைச் சொன்னாள், அவற்றைத் தின்ற சுவர் எது என்றும் சொன்னாள். அவள் பக்கத்துப் பெஞ்சுகளில் முகங்கள் இறுகின. ஏழு பேர் எழுந்து கதவுவரை போனார்கள். மரியபுஷ்பம் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கூட்டணிக்கு லாபம்தான், ஆனாலும் அவர்கள் போய்விடக் கூடாதென்று மாதாவை வேண்டினாள். கதவருகே அந்த ஏழு பேரும் நின்று, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, அங்கே தங்களுக்கு நாற்காலி போடுவார் யாருமில்லை என்று கண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள் போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பதில் சொல்ல எழுந்த பிரதமர், கடம்பன்துறை உறுப்பினர் கேட்ட வளைவுக்கு உடனே கல் போகும் என்றார். வேறென்ன சொல்வார், அவருக்கு ஒரே ஒரு ஓட்டுத்தான் கூடுதல். அந்த ஒரு ஓட்டில் அரசு பிழைத்தது.

முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது. மரியபுஷ்பம் ஊருக்குத் திரும்பும்போது கோமளவல்லியும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். நாக்பூர் பிளாட்பாரத்தில் பளீரென்று மத்தியான வெயில். கோமளவல்லி ஆரஞ்சு வாங்கப் போய் விலை பேசிக்கொண்டே கடைசிக் கடைக்குப் போய்விட்டாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம், தன்னை எதுவும் இழுக்கவில்லையே என்பதை ஆரஞ்சு கைக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். "அவுந்திருச்சு போலக்கா" என்றாள். "அப்படியா?" என்று கோமளவல்லி குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

அரசு பொங்கலைத் தாண்டியது, பங்குனியைத் தாண்டியது, ஆடியில் கவிழ்ந்தது. அந்த ஏழு பேர் அல்ல, யாருமே கணக்கில் வைத்திராத ஒரு இரண்டு பேர் கட்சி, வேறெங்கோ ஒரு ரயில் பாதைக்காகக் கோபித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குள் மணற்குடியில் லாரி லாரியாகக் கல் இறங்கி, தூண்டில் வளைவு கடலுக்குள் பாதி தூரம் போயிருந்தது. உத்தரவு போட்டவர்கள் போனதும் வேலை நின்றது. பாதி வளைவு பாதி அலையை நிறுத்தியது; வடக்கு வரிசை வீடுகள் தப்பின, தெற்கு வரிசைக்காரர்கள் சாமானை மேட்டுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள்.

மறுபடி எலெக்‌ஷன். மறுபடி நங்கூரத்தில் மரியபுஷ்பம், தேனீயில் கோமளவல்லி. ரங்கபாஷ்யம் மரியபுஷ்பத்துக்குச் சீட்டுத் தரக் கூடாதென்று பார்த்தார். மணற்குடிப் பெண்கள் கட்சி ஆபீஸ் வாசலில் கூடையோடு போய் உட்கார்ந்த பிறகு தந்தார். பிரசாரம் முடிகிற வாரத்தில் ஒரு காலை, கோமளவல்லியின் வேன் மணற்குடிக்குள் வந்தது.

"இங்கயே வந்துட்டியளா?" என்றாள் மரியபுஷ்பம், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. "வடக்கு வரிசை முழுக்க ஒங்களத்தான் சொல்லுது. தெற்கு வரிசை என்னைச் சொல்லுது. பெறகும் எதுக்கு?"

"தெற்கு வரிசையைக் கேட்கத்தான் வந்தேன்."

"கேளுங்க. நான் வடக்கு வரிசையக் கேக்கப் போறேன்."

ஒரே தெரு. ஒருத்தி இந்தப் பக்க வீடுகளில் ஏறி இறங்கினாள், மற்றவள் எதிர்ப்பக்க வீடுகளில் ஏறி இறங்கினாள். இரண்டு பக்கமும் தண்ணீர் கொடுத்தார்கள், இரண்டு பக்கமும் குறை சொன்னார்கள். தெரு முடிகிற இடத்தில், இரண்டு வரிசையிலும் சேராமல் குறுக்கே நிற்கும் கடைசி வீட்டு வாசலில் இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். உள்ளிருந்து கரண்டியோடு வந்த பெண்ணின் பேர் லூர்துகனி. எந்த எலெக்‌ஷனிலும் யாருக்குப் போட்டாள் என்று புருஷனிடம்கூடச் சொல்லாதவள்.

"யாராச்சும் ஒருத்தர் மொதல்ல பேசுங்க" என்றாள் அவள். "அடுப்புல உலை கொதிக்கு."

மரியபுஷ்பம் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க பேசுங்கக்கா" என்றாள். "எனக்கு மூச்சு வாங்குது."